சட்டாம்பிள்ளையும் கற்றல் ஏணியும்

மாவும் காணியும் சேர்ந்தால் எவ்வளவு? திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பையன் யோசிக்காமல் சொல்லிவிடுவான்: மாகாணி. மா என்பது 20-ல் ஒன்று, காணி 80-ல் ஒன்று; கூட்டினால் 16-ல் ஒன்று. இன்றைய பிள்ளை பகுதிகளைச் சமமாக்கித் தாளில் போடும் கணக்கு, அன்று எண்சுவடியில் மனப்பாடம். முந்திரி, அதாவது 320-ல் ஒரு பங்கு வரைக்கும் வாய்ப்பாடமாக ஒப்பித்தார்கள். நெல்லும் நிலமும் அளக்கிற ஊருக்கு அது தேவைப்பட்டது. ரூபாய்க்கு 16 அணா இருந்தவரை, மாகாணிக்கு இன்னொரு பெயரான வீசத்துக்கும் வேலை இருந்தது. 1957-ல் நயா பைசா வந்தது. பின்னாலேயே கிலோவும் லிட்டரும் வந்தன. முக்கால் வாய்பாடு வழக்கொழிந்ததற்கு வாத்தியார்களைக் குறை சொல்ல முடியாது.

எழுத்துக்கு மணல். விரலால் எழுதிக் கை படிந்த பிறகுதான் ஓலையும் எழுத்தாணியும். வயதுவாரியாக வகுப்பு கிடையாது. ஒருவன் அரிச்சுவடியில் இருப்பான், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் குழிக்கணக்கில் இருப்பான். சின்னவர்களிடம் பாடம் கேட்பது மூத்த மாணவனான சட்டாம்பிள்ளையின் பொறுப்பு. சென்னையில் பிள்ளைகள் மணலில் எழுதியதைக் கண்ட ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், எழும்பூர் அநாதை விடுதியில் மூத்த பையன்களை வைத்தே இளையவர்களுக்குக் கற்பித்துப் பார்த்தார். 1797-ல் லண்டனில் அதைப் புத்தகமாகவும் போட்டார். இங்கிலாந்தில் அதற்கு ‘மதராஸ் முறை’ என்றே பெயர்.

இங்கேயோ சர்க்கார் பள்ளி வந்து, வகுப்பு, மணி, எல்லாருக்கும் ஒரே புத்தகத்தின் ஒரே பக்கம் என்று ஆகிப்போனது. பெண்பிள்ளைகளும் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளும் பெருமளவில் படிக்க வந்தது இந்தப் பள்ளிகளுக்குத்தான். திண்ணையில் அவர்களுக்கு ஏது இடம்? அதைப் பொற்காலம் என்று பேசுகிறவர்கள் இதை வசதியாக மறந்துவிடுகிறார்கள். ஆனால் மூன்றாம் வகுப்புக்கு வந்தும் எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளை கடைசி வரிசையில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருப்பதும் இந்த ஏற்பாட்டோடு வந்ததுதான்.

அந்தக் கடைசி வரிசையையே எடுத்துவிடப் பார்த்தது செயல்வழிக் கற்றல். மதனப்பள்ளி ரிஷி வேலிப் பள்ளியின் முறையைத் தழுவி, 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, சில ஆண்டுகளில் மாநிலம் முழுக்கப் பரவியது. பெஞ்சு போய்ப் பாய் வந்தது. சுவரோரம் பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் கீழ்மட்டக் கரும்பலகை, ஆளுக்கொரு கட்டம். தலைக்கு மேலே கம்பிப்பந்தலில் அவர்கள் வரைந்த படங்கள் தொங்கும். பாடங்களைப் படிப்படியாக அடுக்கிக் காட்டும் கற்றல் ஏணியைப் பிள்ளை பார்த்து, தான் நிற்கும் படிக்கு உரிய அட்டையைத் தட்டிலிருந்து தானே எடுத்துவந்து, அதற்கான குழுவில் உட்காரும். ஒரு குழுவுக்கு ஆசிரியர் துணை, இன்னொன்றுக்குச் சக மாணவர் துணை. சட்டாம்பிள்ளை பிரம்பில்லாமல் திரும்பிவிட்டார் என்றே எனக்குத் தோன்றியது. அட்டைகள் கிழிந்தன, தொலைந்தன. எல்லாப் பள்ளியிலும் அது ஒரே சீராக நடக்கவும் இல்லை. ஆனாலும் ஆசிரியர் பாயில் உட்கார்ந்து பிள்ளையின் முகத்தைப் பார்த்துப் பேசியது பெரிய மாற்றம்.

கொரோனாவில் மூடிய தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பரில்தான் திறந்தன. ஒன்றாம் வகுப்பையே கண்ணால் பார்க்காத பிள்ளைகள் இரண்டாம் வகுப்பில் வந்து நின்றார்கள். 2022-ல் வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் தமிழ், ஆங்கிலம், கணக்கு மூன்றுக்கும் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்தது. பாட்டு, கதை, பொம்மலாட்டம் என்று வகுப்பு கலகலப்பாகிவிட்டது. பெயர்கள் அழகு, யோசனையும் சரி. ஆனால் ஈராசிரியர் பள்ளியில் ஐந்து வகுப்புக்கும் இரண்டே பேர்; ஒருவர் பயிற்சிக்குப் போனால் மூன்று நிலையையும் மற்றவரே பார்க்க வேண்டும், நடுவில் செயலியில் பதிவும் ஏற்ற வேண்டும். சிக்னல் கிடைக்காத ஊரில் அதற்காக வாசலுக்கும் மரத்தடிக்கும் நடக்கிற ஆசிரியர்களிடம் கேட்டால், புதுத் திட்டம் எதுவும் வேண்டாம், செல்போனை வைத்துவிட்டு நாள் முழுக்கப் பாடம் நடத்த விட்டால் போதும் என்பார்கள்.