திரும்பும் தேதி தெரியாத பயணமா?

கொள்முதலுக்காகச் சீனாவின் குவாங்சோ, யிவு நகரங்களுக்குச் செல்லும் வணிகர்கள் திரும்பும் நாளை முன்கூட்டியே உறுதி செய்ய முடிவதில்லை. சரக்கு தயாராக இரண்டு நாள் தாமதமானால் மலிவு விலை டிக்கெட் வீணாகிறது.

எனவே டிக்கெட் எடுக்குமுன் முகவரிடம் கேளுங்கள்: தேதியை மாற்றலாமா? அதற்குக் கட்டணம் எவ்வளவு? எத்தனை மணி நேரம் முன்பாகத் தெரிவிக்க வேண்டும்?

‘மாற்றுக் கட்டணம் இல்லை’ என்றாலும், புதிய நாளில் டிக்கெட் விலை கூடியிருந்தால் அந்த வித்தியாசத்தை நாம்தான் கட்ட வேண்டும். விமானம் புறப்பட்ட பின் கேட்டால் பெரும்பாலும் பணம் போனதுதான்.

விசாவில் தங்க அனுமதித்த நாட்களைக் கணக்கிட்ட பின்னரே தேதியைத் தள்ளிப் போடுங்கள்.

சரக்கில் பேரம் பேசி மிச்சப்படுத்தியதை டிக்கெட்டில் இழக்க வேண்டாம்!