இறுகிய டயரும் ரிம்மின் பள்ளமும்

கொச்சியின் மட்டாஞ்சேரிப் பகுதியிலுள்ள கொச்சங்காடி, 1344-ஆம் ஆண்டிலேயே யூதர்களின் தொழுகைக் கூடம் ஒன்று எழுந்த பழமையான குடியிருப்பாகும். மோட்டார் வண்டிகள் பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே உருவான இத்தகைய ஊர்களின் குறுகலான சந்துகளுக்கும், கடல்மட்டத்தை ஒட்டிக் கிடக்கும் அந்தச் சமதரைக்கும் சைக்கிளைப் போலப் பொருத்தமான வாகனம் வேறில்லை. சரக்குப் பையைத் தொங்கவிட்டுச் செல்லும் பழைய ராடு பிரேக் சைக்கிளும், ஃபோர்ட் கொச்சியைச் சுற்றிப் பார்க்க வருவோர் வாடகைக்கு எடுக்கும் கியர் சைக்கிளும் ஒரே தெருவில் ஓடும் இப்பகுதியில், டயர் மாற்றுவது அன்றாட வேலைகளுள் ஒன்று. அந்த வேலையில் பழகாதவர்கள் தடுமாறும் இடமும் ஒன்றே: டயரின் பெரும்பகுதி ரிம்முக்குள் எளிதாக இறங்கிவிட, கடைசி ஒரு சாண் நீளம் மட்டும் எவ்வளவு அழுத்தினாலும் உள்ளே போக மறுத்து நிற்கும். இது கைவலிமைக் குறைவால் வரும் சிக்கல் என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் அது, டயரின் மற்றப் பகுதிகள் ரிம்மின் நடுவிலுள்ள பள்ளத்தில் இறங்காமல் இருப்பதால் வருவது.

இந்தப் பள்ளம் எதற்காக அமைந்தது என்பதை அறியச் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும். பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்டு டன்லப், 1888-இல் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றபோது, அந்த டயர் சக்கரத்தோடு துணி சுற்றிப் பசையால் ஒட்டப்பட்டிருந்தது. ஆகவே ஒரு பஞ்சர் ஒட்டுவதற்கும் அனைத்தையும் உரித்தெடுக்க வேண்டியிருந்தது. 1890-இல் சார்லஸ் கிங்ஸ்டன் வெல்ச் என்ற ஆங்கிலேயர், டயரின் இரு விளிம்புகளிலும் நீளாத கம்பி வளையங்களைப் புதைத்து, ரிம்மின் நடுப்பகுதியைப் பள்ளமாக்கி, பசையின்றியே டயரை மாட்டவும் கழற்றவும் வழி கண்டார். அதே ஆண்டில் பார்ட்லெட் என்பவரும் அடுத்த ஆண்டில் பிரான்சின் மிஷலின் சகோதரர்களும் கழற்றக்கூடிய டயருக்கு வேறு வழிகளைக் கண்டிருந்தபோதிலும், இன்று உலகில் ஓடும் பெரும்பாலான சைக்கிள் டயர்களின் அடிப்படை வெல்ச்சின் கம்பியும் பள்ளமுமே.

விளிம்புக் கம்பி ஏன் நீளக்கூடாது என்பது காற்றழுத்தத்தோடு தொடர்புடையது. கார் டயரில் சதுர அங்குலத்துக்குச் சுமார் 30 முதல் 35 பவுண்டு வரை காற்று அடைக்கப்படும்போது, மெலிந்த சைக்கிள் டயரில் அதைவிடக் கூடுதலாகவே அடைக்க நேர்கிறது. அந்த அழுத்தம் டயரைச் சுற்றிலும் வெளிநோக்கித் தள்ளிக்கொண்டே இருப்பதால், விளிம்பு சிறிதளவு விரிந்தாலும் ரிம்மின் ஓரத்தைத் தாண்டி வெளியே வந்துவிடும்; உள்ளிருக்கும் டியூப் பிதுங்கி வெடிக்கும். எனவே, மாட்டும்போது எரிச்சலூட்டும் இறுக்கமே, ஓட்டும்போது உயிருக்குக் காவலாக நிற்கிறது. தொளதொளவென்று எளிதில் ஏறிவிடும் டயரைத்தான் ஐயத்தோடு பார்க்க வேண்டும்.

நீளாத வளையம் ஒன்று தன்னைவிடப் பெரிய ஓரத்தை எவ்வாறு தாண்டுகிறது என்ற வினாவுக்கு விடை வடிவியலில் உள்ளது. காற்றடித்த நிலையில் விளிம்பு அமரும் படியைவிட நடுப்பள்ளம் 4 மி.மீ. ஆழமாக இருப்பதாகக் கொள்வோம். சக்கரத்தின் அரைவட்டத்தில் விளிம்பைப் படியிலிருந்து பள்ளத்துக்கு இறக்கினால், அந்தப் பாதியில் அது சுற்றிச் செல்ல வேண்டிய தூரம் ஏறத்தாழ 12 மி.மீ. குறைகிறது, மிச்சமாகும் அந்த நீளம் எதிர்ப்பக்கத்தில் நெகிழ்வாகத் திரண்டு, ஓரத்தைத் தாண்ட இடம் தருகிறது. விளிம்பு பள்ளத்தில் இறங்காமல் படியிலேயே நின்றால் அந்த நெகிழ்வு கிடைக்காது. பிறகு எத்தனை பேர் சேர்ந்து அழுத்தினாலும் கம்பி நீளப்போவதில்லை.

ஆனால் முயற்சியைத் தொடங்குவதற்கு முன், டயரும் ரிம்மும் ஒரே அளவினவா என்று பார்ப்பது இன்றியமையாதது. அங்குலக் கணக்கில் ஒன்றுபோலத் தோன்றும் அளவுகள் உண்மையில் வேறுபடுகின்றன. இந்தியாவில் பல தலைமுறைகளாக ஓடிவரும் பெரிய ராடு பிரேக் சைக்கிள்களின் 28 × 1½ அங்குல டயர், விளிம்பு அமரும் இடத்தில் 635 மி.மீ. விட்டம் உடையது, இன்றைய கியர் சைக்கிள்களில் 700சி என்று குறிக்கப்படும் டயரின் விட்டமோ 622 மி.மீ. மட்டுமே. விட்டத்தில் 13 மி.மீ. என்பது சுற்றளவில் ஏறத்தாழ 41 மி.மீ. வேறுபாடாகிறது. சிறிய டயரைப் பெரிய ரிம்மில் மாட்டவே இயலாது. பெரிய டயர் சிறிய ரிம்மில் சுலபமாக ஏறி, காற்றடித்ததும் கழன்றுவிடும். 26 அங்குலம் என்ற ஒரே பெயரிலும் 590, 584, 559 மி.மீ. என வெவ்வேறு அளவுகள் வழங்குகின்றன. இக்குழப்பத்தைத் தீர்க்கவே, டயரின் பக்கவாட்டில் 40-635 என்பதுபோல இரண்டு எண்கள் அச்சிடப்படுகின்றன. முதல் எண் காற்றடித்த டயரின் அகலத்தையும், இரண்டாவது எண் விளிம்பு அமரும் விட்டத்தையும் மில்லிமீட்டரில் குறிக்கும். இந்த இரண்டாவது எண் பொருந்தினாலன்றி டயர் பொருந்தாது.

அளவு சரியாக இருந்தும் இறுகினால், பள்ளத்தை எது நிரப்பியிருக்கிறது என்று நோக்க வேண்டும். ஸ்போக் கம்பிகளை இழுத்துப் பிடிக்கும் நிப்பிள்களின் தலை டியூபைக் குத்தாதிருக்க ரிம்மின் உட்புறத்தில் ஒட்டப்படும் ரிம் டேப், தடிப்பாகவோ பல சுற்றாகவோ இருந்தால் பள்ளத்தின் ஆழத்தைத் தின்றுவிடும். மேலே கண்ட கணக்கின்படி 1 மி.மீ. ஆழம் குறைந்தால் நெகிழ்வில் 3 மி.மீ. குறைகிறது. கொச்சங்காடி போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக் காற்றும் நீண்ட மழைக்காலமும் இரும்பு ரிம்மை விரைவில் துருப்பிடிக்கச் செய்வதால், செதில் செதிலாகக் கிளம்பும் துருவும் பள்ளத்தில் படிகிறது. அதை உப்புத்தாளால் தேய்த்து நீக்கி, ரிம்மை நன்கு துடைத்து, பள்ளத்தின் அகலத்துக்குள் அடங்கும் மெல்லிய புதிய டேப்பை ஒட்டிய பிறகே டயரை மாட்டுவது முறை.

மாட்டும்போது முதலில் டயரின் ஒரு பக்க விளிம்பை முழுவதுமாக ரிம்முக்குள் இறக்கிக்கொண்டு, வளையம் உருவாகும் அளவுக்கு மட்டும் டியூபில் காற்று ஏற்றி, வால்வை அதன் துளையில் நுழைத்து, டியூபை முறுக்கின்றி உள்ளே வைக்க வேண்டும். இரண்டாவது விளிம்பை வால்வுக்கு நேரெதிர்ப் பக்கத்தில் தொடங்கி, இரு கைகளாலும் இருபுறமும் சமமாக நகர்ந்து, வால்வு இருக்கும் இடத்தில் முடிக்க வேண்டும். இவ்வரிசைக்குக் காரணம் உண்டு: வால்வின் அடிப்பகுதி தடித்திருப்பதால் அந்த இடத்தில் விளிம்பு பள்ளத்தில் இறங்காது, அங்கே தொடங்கினால் அந்தத் தடிப்பு கடைசிவரை நெகிழ்வைப் பறித்துக்கொள்ளும். பாதி வேலை முடிந்து டயர் இறுகத் தொடங்கியதும், டியூபில் எஞ்சிய காற்றை இறக்கிவிட்டு, தொடங்கிய இடத்துக்கே மீண்டும் சென்று, டயரின் இரு பக்கங்களையும் விரல்களால் நெருக்கி விளிம்புகளை நடுப்பள்ளத்தில் அமர்த்தி, அங்கிருந்து உள்ளங்கைகளால் டயரை இழுத்து வருடியபடி இருபுறமும் வால்வை நோக்கி வர வேண்டும். ஒவ்வொரு வருடலிலும் சிறிது நெகிழ்வு முன்னே வந்து சேரும். கடைசிப் பகுதியைக் கட்டைவிரல்களாலோ உள்ளங்கையின் அடிப்பகுதியாலோ ரிம்மின் மேல் உருட்டித் தள்ளினால், பெரும்பாலான டயர்கள் கருவியின் உதவியின்றியே உள்ளே இறங்கிவிடும். ஒருபுறம் தள்ளும்போது மறுபுறம் விளிம்பு வெளியே நழுவினால், அந்த இடத்தை ஒரு நாடாவால் ரிம்மோடு சேர்த்துக் கட்டிக்கொள்ளலாம்.

அப்போதும் ஏறாவிட்டால் சோப்பு நீரை விளிம்பில் தடவுவது பயனளிக்கும். வேலை முடிந்ததும் அது உலர்ந்துபோகும். மண்ணெண்ணெய், கிரீஸ், இயந்திர எண்ணெய் ஆகியவற்றை ஒருபோதும் பயன்படுத்தலாகாது. இயற்கை ரப்பர் அவற்றை உறிஞ்சி உப்பித் தளர்ந்துவிடும். கொச்சங்காடி அடங்கிய அதே எர்ணாகுளம் மாவட்டத்தில், பெரியாற்றங்கரையிலுள்ள தட்டேக்காட்டில் 1902-இல் தொடங்கிய வணிகமுறை ரப்பர் சாகுபடியின் வழியே கேரளம் இந்தியாவின் ரப்பர் மாநிலமாக வளர்ந்தது. ரப்பரின் தன்மை அறிந்தவர் அதன்மீது எண்ணெய் பட விடமாட்டார். கடைசி வழியாக, டயரை நெம்பும் கருவியான லிவரைப் பயன்படுத்தும்போது, அதை ஆழமாக நுழைக்காமல், ஒரு முறைக்கு இரண்டு விரற்கடை நீளத்தை மட்டும் நெம்ப வேண்டும். ஆழமாகச் சென்ற லிவரின் முனைக்கும் ரிம்முக்கும் இடையே டியூப் சிக்கிக் கிழிவதால்தான், புதிதாக மாட்டிய சக்கரம் அன்றே காற்றிறங்குகிறது. லிவருக்குப் பதிலாக ஸ்க்ரூடிரைவரைப் பயன்படுத்தினால், அதன் கூர்முனை டியூபை மட்டுமின்றி ரிம்மின் ஓரத்தையும் சிதைக்கும்.

டியூப் இல்லாத டயர்களுக்கென வந்துள்ள புதிய ரிம்களில், காற்று கசியாதிருக்க விளிம்பு அமரும் படிகள் இன்னும் இறுக்கமாக அமைக்கப்படுவதால், விளிம்பை நடுப்பள்ளத்தில் அமர்த்தும் இம்முறை அவற்றுக்கு மேலும் தேவையாகிறது. எவ்வகை டயரானாலும், மாட்டி முடித்ததும் வால்வைச் சற்று உள்ளே தள்ளி அதன் அடியில் விளிம்பு சிக்கியிருந்தால் விடுவித்து, சுற்றிலும் டியூப் எட்டிப் பார்க்கவில்லை என்று உறுதி செய்து, பாதிக் காற்று ஏற்றிச் சக்கரத்தைச் சுழற்றிப் பார்க்க வேண்டும். டயரின் பக்கவாட்டில் ரிம்மை ஒட்டி ஓடும் மெல்லிய கோடு எல்லா இடத்திலும் ஒரே உயரத்தில் தெரிந்தால் டயர் சரியாக அமர்ந்துவிட்டது என்று பொருள். ஏதேனும் ஓரிடத்தில் அது மறைந்தால், காற்றை இறக்கி அவ்விடத்தைச் சரிசெய்த பின்பே முழுக் காற்று அடிக்க வேண்டும்.

தெருவோரச் சைக்கிள் கடைகளில் சில நிமிடங்களில் முடிந்துவிடும் இந்த வேலை, எவரும் வீட்டிலேயே கற்றுக்கொள்ளத்தக்க கைத்திறன். அடுத்த முறை டயர் வாங்கும்போது அங்குலப் பெயரை மட்டும் சொல்லாமல் பழைய டயரின் பக்கவாட்டிலுள்ள மில்லிமீட்டர் எண்ணைக் குறித்துக்கொண்டு செல்லுங்கள். மாட்டும்போது வால்வுக்கு எதிர்ப்பக்கத்தில் தொடங்கி, விளிம்பைப் பள்ளத்தில் வைத்திருங்கள். லிவரைத் தேடும் தேவை அரிதாகவே வரும்.