மீன் தொட்டிப் பாறையில் வெந்நீர் ஊத்தலாமா? வீட்டையே படுக்க வைக்கும் பவள விஷம்

கடலைப் பார்க்க சில மணி நேரம் பஸ்ஸில் போக வேண்டிய ஊர் திருச்சி. ஆனால் செயற்கைக் கடல் உப்பு, ஆர்.ஓ. தண்ணீர், எல்.இ.டி. விளக்கு மூன்றும் இருந்தால் ஸ்ரீரங்கத்து அடுக்குமாடி வீட்டுக்குள்ளேயே ஒரு குட்டிக் கடலை வைத்துக்கொள்ளலாம். நிமோ மீன், பாறை மேல் பச்சையும் ஆரஞ்சுமாகப் பூத்திருக்கும் பாலிப்கள்... ஆபீஸ் முடிஞ்சு வந்து பத்து நிமிஷம் பார்த்தாலே மனசு லேசாகும்.

அந்தப் பாலிப்கள் ஒருநாள் பாறை முழுக்கப் பரவிவிட்டன என்று வைத்துக்கொள்வோம். எறும்புப் புற்று முதல் மூட்டைப்பூச்சி வரை நம் வீடுகளில் ஒரே வைத்தியம்தான்: "ரெண்டு சொம்பு கொதிக்கிற தண்ணிய ஊத்து, செத்துடும்." இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அதைச் செய்யவே கூடாது. ஏன்?

அப்படி என்ன விஷம் அது?

பெயர் பாலிடாக்ஸின். சட்டை பட்டன் போல வட்டமாக, விளிம்பில் குட்டி விரல்களோடு இருக்கும் ஸோவாந்தஸ், பாலித்தோவா வகைப் பாலிப்களில், குறிப்பாகப் பாலித்தோவாவில் இது இருக்கலாம். ஹவாய் தீவுகளில் உள்ள ஹானா பகுதியில் இதை ஈட்டி முனையில் தடவிப் பயன்படுத்தியதாக ஒரு மரபுக் கதை உண்டு. 1971-ல் ரிச்சர்ட் மூர், பால் ஷாயர் என்ற விஞ்ஞானிகள் இந்த நச்சைப் பிரித்தெடுத்து அறிவித்தார்கள்.

நம் உடலின் ஒவ்வொரு செல்லிலும் சோடியத்தை வெளியே தள்ளி, பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும் 'பம்ப்' ஒன்று இருக்கிறது. பாலிடாக்ஸின் அதில் போய் உட்கார்ந்து, பம்ப்பையே திறந்த ஓட்டையாக மாற்றிவிடும். மோட்டார் வால்வு திறந்தபடி மாட்டிக்கொண்டால் மேல் தொட்டித் தண்ணீர் திரும்பக் கீழே ஓடிவிடும் அல்லவா, அதேபோல செல்லின் உப்புச் சமநிலை குலைகிறது. தசை, நரம்பு, இதயம் என எல்லாமே பாதிக்கப்படலாம்.

வெந்நீர் ஊத்தினால் என்ன ஆகும்?

இந்த நச்சு சூட்டில் அழியாது. பாலிப் சாகும், விஷம் சாகாது. கொதிக்கும் தண்ணீர் பட்டதும் நச்சு நுண்ணிய துளிகளாக ஆவியோடு காற்றில் கலந்து நுரையீரலுக்குள் போய்விடும்.

2007-ல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் இதுதான் நடந்தது. வேண்டாத பாலிப்களைக் கொல்ல ஒருவர் பாறை மேல் வெந்நீர் ஊற்றினார். ஆவியைச் சுவாசித்த சிறிது நேரத்தில் இருமல், சில மணி நேரத்தில் கடும் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி. இங்கிலாந்தின் ஸ்டீவன்டன் கிராமத்தில் 2018 மார்ச்சில் மீன் தொட்டியைச் சுத்தம் செய்தபோது பவளத்தை வெளியே எடுத்ததில் நச்சு பரவியது. வீட்டிலிருந்த ஆறு பேரோடு, உதவிக்கு வந்த நான்கு தீயணைப்பு வீரர்களும் மருத்துவமனைக்குப் போக வேண்டியதாயிற்று.

எல்லா பாலிப்பும் ஆபத்தா?

இல்லை. ஜார்ஜியா சம்பவத்துக்குப் பிறகு வாஷிங்டன் வட்டாரக் கடைகளில் விற்ற பாலிப்களைப் பரிசோதித்து 2011-ல் ஓர் ஆய்வு வெளியானது. சிலவற்றில் நச்சு மிக அதிகம், சிலவற்றில் சுத்தமாக இல்லை. நிறத்தையோ அழகையோ வைத்துக் கண்டுபிடிக்க முடியாது என்பதுதான் சிக்கல். அதனால் எல்லாவற்றையும் விஷமுள்ளதாகவே நினைத்துக் கையாள வேண்டும். கடையில் வாங்காவிட்டாலும், 'லைவ் ராக்' எனப்படும் பாறையோடு ஒட்டிக்கொண்டு இவை வீட்டுக்கு வந்துவிடலாம்.

நம்ம ஊரில் கூடுதல் கவனம் ஏன்?

பவளத் தொட்டிக்கு 25 முதல் 27 டிகிரி வெப்பம் வேண்டும். திருச்சி வெயிலுக்கு அதனால் பலர் தொட்டியை ஏசி பெட்ரூமிலேயே வைத்துவிடுகிறார்கள். ஜன்னலைச் சாத்திய அந்த அறையில் பாறையைத் தேய்த்தால், தெறிக்கும் துளிகள் வெளியேற வழியே இல்லை. இன்னொரு பழக்கம், தண்ணீர் மாற்ற டியூபை வாயில் வைத்து உறிஞ்சுவது. கடல் தொட்டியில் அதை இன்றே நிறுத்துங்கள். கை பம்ப் போதும்.

பாதுகாப்பாகச் செய்வது எப்படி?

* நீளமான ரப்பர் அல்லது நைட்ரைல் கையுறை, கண்ணை முழுதாக மூடும் கண்ணாடி கட்டாயம். கையில் வெட்டு, சிராய்ப்பு இருந்தால் அன்று வேலையே வேண்டாம். மாஸ்க் கூடுதல் பாதுகாப்புதான். அதை மட்டும் நம்பி வெந்நீர் ஊற்றக் கூடாது.
* பாறையைத் தொட்டித் தண்ணீரோடு சேர்த்தே பக்கெட்டுக்கு மாற்றுங்கள். வெளியே எடுத்து பிரஷ்ஷால் தேய்ப்பது, கத்தியால் சுரண்டுவது, மைக்ரோவேவில் வைப்பது கூடாது.
* குழந்தைகள், நாய், பூனையை வேறு அறைக்கு அனுப்பிவிட்டு ஜன்னலைத் திறந்துவிடுங்கள்.
* பாறையே வேண்டாம் என்றால் பால்கனியில் வைத்து, ஒரு பங்கு பிளீச் திரவத்துக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கணக்கில் முழுக்க மூழ்க விடுங்கள். குறைந்தது அரை மணி நேரம். பாறைக்கு அதற்கு மேலும் ஆகலாம். பயன்படுத்திய கருவிகளுக்கும் இதேதான். ஆசிட் கலந்த டாய்லெட் கிளீனரை மட்டும் பிளீச்சோடு சேர்த்துவிடாதீர்கள், குளோரின் வாயு வரும்.
* பாறையையோ தண்ணீரையோ காவிரி, கொள்ளிடத்தில் கொட்டாதீர்கள்.

அறிகுறி தெரிந்தால்?

வாயில் உலோகச் சுவை, உதட்டில் மரத்துப்போன உணர்வு, காய்ச்சல், குளிர் நடுக்கம், தசைவலி, இருமல், மூச்சுத்திணறல். பார்க்க வைரல் ஃபீவர் மாதிரியே இருக்கும். ஒரே நாளில் வீட்டில் பலருக்கு வந்தால் உஷாராகுங்கள். உடனே எல்லோரும் வெளியே வந்துவிட வேண்டும். தோலில் பட்டால் சோப்பு போட்டுக் கழுவுங்கள். கண்ணில் பட்டால் சுத்தமான தண்ணீரால் 15 நிமிடம் கழுவிவிட்டு, கண் மருத்துவரைப் பாருங்கள், கருவிழியே பாதிக்கப்படலாம்.

மூச்சுத்திணறல், நெஞ்சுவலி இருந்தால் 108-ஐ அழையுங்கள். இதற்கு மாற்று மருந்து கிடையாது; அறிகுறிக்கு ஏற்பத்தான் சிகிச்சை. அதனால் பாலிப்பின் போட்டோவைக் காட்டி, 'பாலிடாக்ஸின்' என்ற பெயரை டாக்டரிடம் நீங்களே சொல்லுங்கள். டெல்லி எய்ம்ஸின் தேசிய நச்சுத் தகவல் மையத்துக்கும் பேசலாம்: 1800 116 117.

சட்டம் என்ன சொல்கிறது?

பாறை போல் வளரும் கடினப் பவளம், கருப்புப் பவளம், நெருப்புப் பவளம், கடல் விசிறி ஆகியவை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை. மன்னார் வளைகுடாவில் எடுத்தது என்று யாராவது 'சீப்பா' தந்தால் வாங்காதீர்கள். சிறைத் தண்டனை வரை போகும்.

கடைசியாக ஒன்று. தொட்டியை ஆசையாக வைத்தவருக்கு இதெல்லாம் தெரிந்திருக்கலாம். நீங்கள் ஆபீஸில் இருக்கும்போது அதைத் துடைக்கும் அம்மாவுக்கும், வேலைக்கு வரும் அக்காவுக்கும் தெரியுமா? "பாறையைத் தொடாதீங்க, வெந்நீர் ஊத்தாதீங்க" என்று ஒரு பேப்பரில் எழுதி இன்றைக்கே தொட்டி மேல் ஒட்டிவிடுங்கள்.