பூண்டுத்தோல் போதும்

கல்யாண மாலையின் இதழ்களை உலர்த்தி, கண்ணாடிபோல் தெரியும் கட்டிக்குள் பதித்துத் தருவதை வீட்டிலிருந்தே தொழிலாகச் செய்யும் பெண்கள் இன்று பல ஊர்களில் இருக்கிறார்கள். அதே கைவேலை சிறிய அளவில் கம்மல், பதக்கம், சாவிக்கொத்து, ஃபிரிட்ஜில் ஒட்டும் காந்தம் என்று விரிகிறது. மணி, நூல்துண்டு, உடைந்த வளையல், பழைய பொத்தான் என வீட்டில் எஞ்சிக் கிடக்கும் எதையும் உள்ளே வைக்கலாம். அந்தக் கட்டியாக இறுகும் எப்பாக்சி ரெசின் என்ற பெயர் புதிதாகத் தோன்றினாலும், உடைந்த சாமானை ஒட்ட இரண்டு குழாய்களைப் பிதுக்கிக் கலக்கும் அரால்டைட்டும் அதே குடும்பம்தான். சுற்றுலாவை நம்பத் தொடங்கியிருக்கும் ஒரு மலையூரில் இந்தக் கைவேலை நுழைந்தால் எதை உள்ளே பதிப்பது என்ற கேள்வி எழும். வட்டவடையை வைத்துப் பார்த்தால் என் பதில் இதுதான்: வயலும் வீடும் கழித்துப் போடுவதைப் பதிக்கலாம், காட்டிலிருந்து எதையும் எடுக்கக் கூடாது.

காட்டிலிருந்து எடுப்பதென்றால் யாருக்கும் முதலில் தோன்றுவது குறிஞ்சிதான். இடுக்கி மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், தமிழ் பேசும் குடும்பங்கள் தலைமுறைகளாகப் படிக்கட்டு வயல் வெட்டி வாழும் வட்டவடை, கொட்டக்கொம்பூர் பகுதிகளில், நீலக்குறிஞ்சிக்கென்றே 2006-இல் 32 சதுர கிலோமீட்டர் பரப்பில் குறிஞ்சிமலை சரணாலயம் அறிவிக்கப்பட்டது. அந்தச் செடி பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூத்து, விதை உதிர்த்து, மடிந்துவிடும். 2006-இலும் 2018-இலும் பெருமளவில் பூத்தது, அடுத்தது 2030. ஆண்டுதோறும் பூக்கும் செடியில் ஒரு கொத்தைப் பறித்தால் மறுவருடம் ஈடாகிவிடும். குறிஞ்சிக்கு மறுவருடம் கிடையாது. பறித்த கொத்து அந்தச் செடியின் வாழ்நாள் விதையில் ஒரு பங்கு. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாக்கப்பட்ட தாவரப் பட்டியலிலும் இப்போது அது இருக்கிறது. பறிப்பது, சேகரிப்பது, விற்பது எல்லாமே குற்றம். அந்த மாவட்டத்தில் வாழும் பழங்குடியினர் தம் சொந்தத் தேவைக்கு எடுக்கச் சட்டம் விலக்குத் தருகிறது. கடைச் சரக்காக்க அல்ல. ஆகவே ‘தானாக உதிர்ந்த பூதானே’ என்ற சமாதானமும் செல்லாது. வாங்குகிறவர் கையில் இருக்கும் பூ உதிர்ந்ததா பறித்ததா என்று யாரால் சொல்ல முடியும்?

சட்டத்தை ஒதுக்கிவைத்தாலும் குறிஞ்சி ரெசினுக்கு ஏற்ற பொருள் அல்ல. ஈரம் மிச்சமிருக்கும் பூ உள்ளே பழுப்பேறும். முழுக்க உலர்ந்த பூவிலும் நீலமும் ஊதாவும் வெளிச்சம் பட்டு மங்கக்கூடிய நிறங்கள். ரெசினே வெயிலில் நாளடைவில் மஞ்சளாகும். மலை முழுதும் நீலமாய்த் தெரிந்ததை நினைத்து வாங்குகிறவர் கடைசியில் வைத்திருக்கப்போவது ஒரு பழுப்புச் சருகு. இதற்கு மாறாகப் பூண்டுத்தோலைப் பாருங்கள். காந்தல்லூர் வட்டவடைப் பூண்டு புவிசார் குறியீடு பெற்ற பயிர். காயவைத்து வைக்கும் பூண்டின் மேல்தோல் ஏற்கெனவே உலர்ந்தது, மெல்லியது, வெள்ளையில் இளஊதா ஓடியது. ரெசினுக்கு வேண்டிய குணம் எல்லாம் அதற்கு உண்டு, விலையோ ஒன்றுமில்லை. நன்கு காய்ந்த பீன்ஸ் விதை, தோட்டத்து யூகலிப்டஸ் காய்க்கூடு, தையல்கடையில் விழும் துணித்துண்டு இவற்றையும் சேர்க்கலாம். நுண்துளை உள்ள பொருளுக்கு முதலில் மெல்லிய பசைப் பூச்சு கொடுத்துக் காயவிட்டால், உள்ளிருக்கும் காற்று குமிழியாக மேலே வராது.

குளிர்தான் இந்த ஊரின் தனிச் சிக்கல். எப்பாக்சி இறுகுவது ஒரு வேதிவினை. இருபது டிகிரிக்குக் கீழே போகப்போக அது மந்தமாகும். வட்டவடையில் மார்கழி இரவு அதைவிட வெகுவாகக் குளிரும். சீக்கிரம் இறுகட்டும் என்று, ரெசினை இறுகவைக்கக் கலக்கும் ஹார்டனரைக் கூடுதலாக ஊற்றத் தோன்றும். அதுதான் பெரிய பிழை. ரெசினும் ஹார்டனரும் குறிப்பிட்ட விகிதத்தில் ஒன்றோடொன்று பிணைகிறவை. ஒன்று மிஞ்சினால் அது பிணைய ஆளில்லாமல் நின்று, பொருள் கடைசிவரை பிசுபிசுக்கும். தயாரிப்பாளர் எடையில் சொன்னால் எடையில், கொள்ளளவில் சொன்னால் கொள்ளளவில் அளந்து, புட்டிகளை வெதுவெதுப்பான நீரில் சற்று நேரம் வைத்துவிட்டுக் கலப்பதே வழி. இறுகாத ரெசின் தோலில் பட்டுப்பட்டு ஒவ்வாமையை வரவழைக்கும். வந்தபின் அது பெரும்பாலும் வாழ்நாள் முழுதும் நீடிக்கும். நைட்ரைல் கையுறையும் திறந்த ஜன்னலும் கட்டாயம். கையில் பட்டால் தின்னர் வேண்டாம், சோப்பும் தண்ணீரும் போதும். அடுப்படியிலும் சோறு பொங்கும் பாத்திரத்திலும் இந்த வேலைக்கு இடமில்லை. காந்தத்துக்குக் கறுப்பு ஃபெரைட் வில்லையே மேல். பளபளக்கும் நியோடிமியம் காந்தம் வலிமை மிக்கது. குழந்தை இரண்டை விழுங்கிவிட்டால் அவை குடலின் சுவர்களைக் கவ்விக்கொண்டு துளையிடும், உயிருக்கே ஆபத்து.

இதற்கெல்லாம் அடிப்படையான மறுப்பு ஒன்று உண்டு: ரெசினும் பிளாஸ்டிக்தானே, அதை மலைக்கு ஏன் கொண்டுவர வேண்டும்? நியாயமான கேள்வி. இறுகிய எப்பாக்சியை உருக்கி மறுபடி வார்க்க முடியாது. மண்ணிலும் அது மக்காது. அதனால்தான் ஒரு முறை பயன்படுத்தி எறியும் எதையும் இதில் செய்யக் கூடாது என்கிறேன். ஆண்டுக்கணக்கில் சட்டைப்பையிலும் காதிலும் ஃபிரிட்ஜ் கதவிலும் இருக்கும் சிறு பொருளுக்கு ஒரு ஸ்பூன் ரெசின் என்பது ஏற்கத்தக்க செலவு. தொலைதூரத் தொழிற்சாலையில் வார்த்து, எந்த மலைக்கும் பொருந்தும் ‘ஐ லவ்’ பலகையோடு வரும் காந்தமும் பிளாஸ்டிக்தான். அதில் வட்டவடைக்காரருக்குக் கிடைப்பது கடைக்காரரின் லாபம் மட்டும். ஆனால் மினுமினுப்புத் தூளைச் சேர்ப்பதும் மிஞ்சிய ரெசினைச் சாக்கடையில் ஊற்றுவதும் எந்த வாதத்திலும் நிற்காது. மிச்சத்தை அதே கோப்பையில் இறுகவிட்டு, மக்காத கழிவைச் சேகரிக்க வீட்டுக்கு வரும் ஹரித கர்ம சேனாவிடம் கொடுத்துவிடலாம்.

‘பயணிகள் குறிஞ்சியைத்தானே கேட்பார்கள்’ என்பார்கள் வியாபாரிகள். கேட்கட்டும். நீல நூலால் துணியில் தைத்த குறிஞ்சிக் கொத்தை ரெசினுக்குள் வைத்துக் கொடுங்கள். நூலின் நீலம் பூவைவிட வெகுநாள் நிற்கும், தைத்த கைக்கும் கூலி சேரும். பின்புறம் ஒரு சிறு சீட்டில் உள்ளே இருப்பது என்ன, எந்த வயலில் எந்த வீட்டில் கிடைத்தது என்று எழுதி ஒட்டலாம். 2030-இல் கூட்டம் வரும்போது கடைகளில் இவை அடுக்கியிருக்க வேண்டுமென்றால், தையலும் வார்ப்பும் பழகுவதற்கு அதற்கு முந்தைய பூண்டு அறுவடைகள்தான் காலம்.