எடை குறையலாம், தசை குறையக் கூடாது

கொடைக்கானலை அடுத்த வில்பட்டியில் சமநிலம் அரிது. மலைச் சரிவைப் படிப்படியாக வெட்டித்தான் உருளைக்கிழங்கு, காரட், பீன்ஸ், பூண்டு ஆகியவற்றைப் பயிரிடுகிறார்கள். 2019-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டு விளையும் பகுதி இது. இங்கே எருவைச் சுமந்து ஏற வேண்டும். மூட்டையைச் சுமந்து இறங்க வேண்டும். கால் வலுவாக இருந்தால்தான் விவசாயம் நடக்கும்.

சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமும் இப்போது கிராமங்களிலும் பரவிவிட்டன. எடையைக் குறைக்கும்படி டாக்டர் சொன்னதும், பலர் செய்கிற முதல் காரியம் இரவுச் சாப்பாட்டை நிறுத்துவது. ஐம்பது வயதான ஒரு விவசாயி அப்படிப் பட்டினி கிடந்து, இரண்டே மாதத்தில் 8 கிலோ குறைந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். தராசு முள்ளைப் பார்த்து அவர் மகிழலாம். ஆனால் முன்பு தூக்கிய மூட்டையை இப்போது தூக்க முடியவில்லை. படிக்கட்டு நிலத்தில் இறங்கும்போது தொடை நடுங்குகிறது. இது ஏன்?

பட்டினி கிடந்தால் கொழுப்பு மட்டும் கரைவதில்லை, தசையும் கரைகிறது. வெறும் உணவுக் குறைப்பால் இழக்கும் எடையில் சுமார் நாலில் ஒரு பங்கு கொழுப்பு அல்லாத பகுதி; அதில் தசையும் அடங்கும். களையோடு பயிரையும் சேர்த்துப் பிடுங்கியதற்கு ஒப்பாகும் இது. சாப்பிட்ட உணவிலிருந்து இரத்தத்தில் சேரும் சர்க்கரையில் பெரும் பகுதியை ஏற்றுக்கொள்வது தசைதான். எனவே தசையை இழப்பது சர்க்கரை நோயாளிக்கு இரட்டை நஷ்டம்.

நம் நாட்டவருக்கு இதில் கூடுதல் கவனம் தேவை. புனேயைச் சேர்ந்த டாக்டர் யாக்னிக்கும் லண்டனைச் சேர்ந்த டாக்டர் யுட்கினும் 2004-இல் ‘லான்செட்’ மருத்துவ ஏட்டில் தங்கள் உடல் அளவுகளையே ஒப்பிட்டுக் காட்டினார்கள். உயரத்துக்கு ஏற்ற எடைக் குறியீடு இருவருக்கும் ஒன்றே, 22.3. ஆனால் உடற்கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2 சதவீதம். பார்வைக்கு ஒல்லியாக இருந்தாலும் நம்மில் பலருக்குக் கொழுப்பு அதிகம், தசை குறைவு. இருப்பதையும் இழக்கலாகாது.

உணவு முறை

வாரத்துக்கு அரைக் கிலோ குறைந்தால் போதும். அதற்கு நாள் ஒன்றுக்குச் சுமார் 500 கலோரி குறைக்க வேண்டும். சோறு, உருளைக்கிழங்கு, எண்ணெய், சர்க்கரை போட்ட டீ, பலகாரம் ஆகியவற்றில் குறைக்கலாம். பருப்பில் குறைக்கக் கூடாது. உருளைக்கிழங்கைக் காய்கறிக் கணக்கில் சேர்க்காமல் சோற்றுக் கணக்கில் சேர்க்கவும்.

சாதாரணமாக உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் போதும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020-ஆம் ஆண்டுப் பரிந்துரை. எடை குறைக்கும் காலத்தில் 1 முதல் 1.2 கிராம் வரை தேவைப்படும். 70 கிலோ எடை உள்ளவருக்கு 70 முதல் 84 கிராம்.

ஒரு நாள் கணக்கு (சமைக்காத எடை):

காலை: முட்டை 2 (12 கிராம் புரதம்), 50 கிராம் கொள்ளு அல்லது பச்சைப்பயறு சுண்டல் (11).

மதியம்: 100 கிராம் அரிசிச் சோறு (7), 50 கிராம் பருப்புப் போட்ட சாம்பார் (11), ஒரு டம்ளர் தயிர் (6).

மாலை: ஒரு கைப்பிடி நிலக்கடலை (6).

இரவு: சப்பாத்தி 2 (6), 50 கிராம் காய்ந்த பட்டர் பீன்ஸில் குழம்பு (10), ஒரு டம்ளர் பால் (6).

மொத்தம் சுமார் 75 கிராம். பீன்ஸ், காரட், முட்டைக்கோஸ் தாராளமாகச் சேர்க்கலாம். முட்டை சாப்பிடாதவர்கள் பயறையும் தயிரையும் கூட்டிக்கொள்ளலாம். புரதம் முழுவதையும் ஒரே வேளையில் சாப்பிடாமல் மூன்று வேளைக்கும் பிரித்துக்கொள்வது நல்லது.

உடற்பயிற்சி

“நாள் முழுதும் காட்டில் உழைக்கிறேனே, பயிற்சி எதற்கு?” என்று கேட்கலாம். குனிந்து களை பறிப்பது கலோரியைச் செலவழிக்கும். தசைக்குப் பாரம் ஏற்றாது. தாங்கும் அளவுக்குச் சற்றுக் கூடுதலாகப் பாரம் ஏறினால்தான் தசை நிலைக்கும். வாரத்தில் இரண்டு அல்லது மூன்று நாள், ஒரு நாள் விட்டு ஒரு நாள், கீழ்க்கண்டவற்றைச் செய்யவும்.

1. விசுப்பலகையில் கை ஊன்றாமல் உட்கார்ந்து எழுதல்.
2. சுவரில் கை ஊன்றித் தண்டால்.
3. மண் நிரப்பிய சிறு சாக்கை இடுப்பு உயரத்துக்குத் தூக்கி இறக்கல்.

ஒவ்வொன்றும் 8 முதல் 12 தடவை. சற்று ஓய்வுக்குப் பின் மீண்டும் ஒருமுறை. 12 தடவை எளிதாக வந்துவிட்டால் சாக்கில் ஒரு கிலோ மண் கூட்டவும். மூச்சை அடக்கக் கூடாது.

கவனிக்க வேண்டியவை

சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் உணவைக் குறைத்தால் இரத்தச் சர்க்கரை திடீரென இறங்கி மயக்கம் வரலாம். டாக்டரிடம் காட்டி மருந்தளவைச் சரிசெய்த பிறகே தொடங்க வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது. இருதய நோய், மூட்டு வலி உள்ளவர்களும் முதலில் ஆலோசனை பெறவும்.

வாரம் ஒரு முறை எடையோடு இடுப்புச் சுற்றையும் அளந்து எழுதி வையுங்கள். நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் ஐந்து முறை எழுந்து உட்கார 12 வினாடியோ அதற்கு மேலோ ஆனால், அது தசைத் திறன் குறைந்ததற்கு அறிகுறி என்று ஆசிய வல்லுநர் குழு 2019-இல் வரையறுத்தது. இடுப்பு குறைந்து, இந்த நேரமும் குறைந்துவந்தால் சரியான வழியில் போகிறீர்கள். எடை குறைந்து நேரம் கூடினால், சாப்பாட்டில் பருப்பையும் சாக்கில் மண்ணையும் கூட்டுங்கள். இன்று மாலையே கடிகாரத்தை வைத்துக்கொண்டு ஒருமுறை எழுந்து பாருங்கள்.