'ஸ்லிப்' என்னும் ஆங்கில வினை

பொள்ளாச்சிக்குத் தென்மேற்கே ஆனைமலைத் தொடரில் 'டாப் ஸ்லிப்' என்றோர் இடம் உளது. 19-ஆம் நூற்றாண்டில், மலைமீது வெட்டிய தேக்கு மரங்களை யானைகளைக்கொண்டு இழுப்பித்து, அவ்வுச்சியினின்றும் அடிவாரத்திற்குச் சறுக்கிவிட்டமையால் இப்பெயர் உண்டாயிற்று. 'ஸ்லிப்' என்பதற்கு 'வழுக்கு' என்றே மாணவர் பலரும் பொருள் கூறுவர். அஃதொன்றே அமையுமோவென ஆராய்வோம்.

ஈரப்பாறையில் கால் நிலைகொள்ளாமை வழுக்குதல். சரிவில் உராய்ந்தவாறே கீழிறங்குதல் சறுக்குதல். பிடியினின்றும் பொருள் அகலுதல் நழுவுதல். மலைமண் பெயர்ந்து இறங்குதல் சரிதல். எண்ணாத சொல் வாயினின்றும் வெளிப்படுதல் நாத்தவறுதல். இவையனைத்திற்கும் ஆங்கிலேயர் 'ஸ்லிப்' என்னும் ஒரு சொல்லையே ஆள்வர். பிழையைக் குறிக்கும் 'வழு' என்னும் நம் இலக்கணச் சொல்லும் வழுக்குதலோடு உறவுடையதே. காலின் தடுமாற்றத்தையும் சொல்லின் தடுமாற்றத்தையும் ஓரினமாகக் கருதுதல் இரு மொழிக்கும் பொதுவாம்.

எனினும், சொற்களை மாற்றி வழங்குதல் தீங்கு பயக்கும். பாறையில் வழுக்கினவன்மேல் குற்றமில்லை; அவையினின்றும் நழுவினவனோ பிறரறியாவாறு தானே அகன்றவன். முன்னவனைப் பின்னவனாக எழுதின், செய்யாத பழி அவனைச் சாரும். ஆதலின் மொழிபெயர்ப்போர், இயங்கிய பொருள் யாது, இயங்கிய இடம் யாது, அவ்வியக்கம் கருதிச் செய்ததோ, தானே நேர்ந்ததோ என வினவிய பின்னரே சொல்லைத் தேர்தல் வேண்டும்.

இவ்வாறு நோக்கின், ஆனைமலை மரங்கள் தாமே வழுக்கினவல்ல. மக்கள் கருதிச் சறுக்கிவிட்டவை. ஆகவே அவ்விடத்தை 'உச்சிச் சறுக்கு' எனத் தமிழில் வழங்குதலே பொருத்தமுடைத்து.