முருங்கைக்கீரை சூப்பும் உண்ணிக் காய்ச்சலும்: நாய்க்கு ரத்தம் குறைஞ்சா மூலிகை எவ்வளவு தூரம் உதவும்?

இந்த எபிசோடை எங்க வீட்டு முத்துவை வச்சுத்தான் ஆரம்பிக்கணும். முத்து ஒரு நாட்டு நாய், 14 கிலோ. மதுரை ஆனையூர்ல எங்க தெருவுலயே பிறந்து, ஒரு மழை நாள்ல வீட்டுக்குள்ள ஒதுங்கினவன் அப்படியே தங்கிட்டான். போன சித்திரையில நாலு நாளா சரியா சாப்பிடலை. மாடிப்படி ஏறவே மூச்சு வாங்குச்சு. ஈறைத் தூக்கிப் பார்த்தா வெள்ளைத்தாள் மாதிரி வெளுத்துக் கிடக்கு.

ரத்தப் பரிசோதனையில பிசிவி 19. நம்ம ரத்தத்துல சிவப்பணு எத்தனை சதவீதம் இருக்குன்னு சொல்ற எண் அது. நாய்க்கு ஏறக்குறைய 37 முதல் 55 வரைக்கும் இருக்கணும். உண்ணிக் காய்ச்சல்னு சொல்லி டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தாங்க. வீட்டுக்கு வந்ததும் அப்பத்தா, "ரத்தம் இல்லேன்னா முருங்கைக்கீரை கொடுக்க வேண்டியதுதானே"ன்னு சூப் வைக்க ஆரம்பிச்சுட்டாங்க. தினம் ரெண்டு வேளை. முத்துவும் ஆசையா குடிச்சான்.

ஒரு வாரம் கழிச்சுப் பார்த்தா பிசிவி 16. டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "சூப்ல என்னென்ன போடுறீங்க?"

முருங்கைக்கீரை, சீரகம், மிளகு, ஒரு கை சின்ன வெங்காயம், அஞ்சாறு பல் பூண்டு. நம்ம எல்லார் வீட்டுலயும் அப்படித்தானே வைப்போம். இன்னைக்கு பேசப்போறது அதைப் பத்தித்தான்.

ரத்தம் எங்கே போகுது?

நாய்க்கு ரத்தம் குறைஞ்சிருச்சுன்னு கேட்டதும் நம்ம மனசு நேரா இரும்புச்சத்துக்குப் போயிடும். உண்ணி நோய்ல பிரச்சினை பெரும்பாலும் அது இல்லை.

நம்ம ஊர்ல நாய்ங்க மேல அதிகமா பார்க்கிறது பழுப்பு நிற நாய் உண்ணி. அது கடிக்கும்போது ரெண்டு முக்கியமான கிருமிகளை உள்ளே விடலாம். ஒண்ணு எர்லிக்கியா. இது வெள்ளையணுக்குள்ள குடியேறும், பிளேட்லெட்டைக் குறைக்கும். சரியா கவனிக்காம விட்டா மாசக்கணக்குல உடம்புலயே பதுங்கி இருந்துட்டு, கடைசியில ரத்தம் உற்பத்தியாகிற எலும்பு மஜ்ஜையையே முடக்கிடும். இன்னொண்ணு பேபிசியா. இது நேரா சிவப்பணுக்குள்ளயே புகுந்து அதை உடைக்கும். போதாக்குறைக்கு நாயோட நோய் எதிர்ப்பு சக்தியும் குழம்பிப்போய், நல்ல சிவப்பணுக்களையும் சேர்த்து அழிக்கும்.

சிவப்பணு உடம்புக்குள்ளயே உடையும்போது அதுல இருந்த இரும்பு எங்கேயும் போறதில்லை. பெரும்பகுதி உடம்புலயே தங்கிடும். வீட்டுல செங்கல் இல்லாம சுவர் நிக்கலைன்னா செங்கல் வாங்கலாம். ஒருத்தன் உள்ளே நின்னு கடப்பாரையால இடிச்சுக்கிட்டு இருக்கும்போது செங்கல் வாங்கிப் போட்டு என்ன பண்றது? முதல்ல கடப்பாரையைப் பிடுங்கணும். அந்த வேலையை மருந்துதான் செய்யும்.

நம்ம மண்ணுல கண்டுபிடிச்ச நோய்

இது ஏதோ வெளிநாட்டு நாய்ங்களோட வந்த புது நோய்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. பேபிசியா கிப்சோனிங்கிற கிருமியை பேட்டன் என்கிற ஆய்வாளர் 1910-ல முதன்முதலா விவரிச்சதே சென்னையிலதான். 'மெட்ராஸ் ஹன்ட்' என்ற வெள்ளைக்காரங்களோட வேட்டைக் குழு நாய்களின் ரத்தத்துல அதைப் பார்த்தார். அப்புறம் நரியோட ரத்தத்துலயும் அதே கிருமி இருந்துச்சு. எர்லிக்கியாவும் 1935-ல அல்ஜீரியாவுல அடையாளம் காணப்பட்டு, 1944-லயே சென்னையில இருந்து முதலியார் என்பவர் அதைப் பதிவு பண்ணிட்டார். ஆக நூறு வருஷத்துக்கு மேல இது நம்ம ஊர் நோய்தான். மதுரை மாதிரி வருஷம் முழுக்க வெயில் அடிக்கிற ஊர்ல உண்ணிக்கு ஓய்வு மாசமும் கிடையாது.

வெங்காயம், பூண்டு: ஆகவே ஆகாது

வெங்காயம், சின்ன வெங்காயம், பூண்டு மூணும் ஒரே குடும்பம். இதுல இருக்கிற கந்தகச் சேர்மங்கள் நாயோட சிவப்பணுவைச் சேதப்படுத்தி உடைய வைக்கும். நமக்கு அந்தப் பிரச்சினை இல்லை, நாய்க்கும் பூனைக்கும் இருக்கு. வேக வச்சாலும், பொடியாக்கினாலும் அந்தத் தன்மை போகாது.

நாயோட எடையில கிலோவுக்கு 15 முதல் 30 கிராம் வெங்காயம் போனாலே ரத்தத்துல மாற்றம் தெரிய ஆரம்பிக்கும்னு கணக்கு. 14 கிலோ முத்துவுக்கு அது 210 கிராம். "அவ்வளவெல்லாம் கொடுக்கலையே"ன்னு நானும் சொன்னேன். ஆனா கொஞ்சம் கொஞ்சமா தினம் கொடுத்தாலும் பாதிப்பு சேர்ந்துக்கிட்டே வரும். அறிகுறியும் உடனே தெரியாது, சில நாள் கழிச்சுத்தான் தெரியும். அதோட, ஏற்கெனவே பாதி ரத்தத்தை இழந்து நிக்கிற நாய்க்கு இன்னும் கொஞ்சம் இழக்கிற தெம்பு இல்லை. முத்துவோட பிசிவி இறங்கினதுக்கு சூப் மட்டும்தான் காரணம்னு யாராலயும் சொல்ல முடியாது. நோயே அப்படி இறக்கும். ஆனா சூப் உதவலைங்கிறது மட்டும் உறுதி.

இதே மாதிரி, ரத்தம் ஊறும்னு உலர் திராட்சை கொடுக்காதீங்க. நாய்க்கு சிறுநீரகமே பழுதாகலாம். கிராமத்துப் பக்கம் மாட்டு உண்ணிக்குப் பூசுற மூலிகைக் கலவையிலயும் வேப்பிலை, வசம்பு, மஞ்சள், உண்ணிச்செடி இலையோட பூண்டும் இருக்கும். அது மாட்டுத் தோல்ல தடவச் சொன்னது. நாய் தன் உடம்பை நக்கும், அதனால அதை அப்படியே நாய்க்குக் கொண்டு வராதீங்க. கற்பூர எண்ணெய், மண்ணெண்ணெய் ரெண்டும் நாய்க்கு விஷம்.

அப்போ மூலிகையே வேண்டாமா?

அப்படிச் சொல்ல வரலை. ஒவ்வொண்ணா பார்ப்போம்.

முருங்கைக்கீரை: வெங்காயம், பூண்டு, உப்பு, காரம் இல்லாம வேக வச்சு சோத்துல ஒரு ஸ்பூன் கலந்தா தப்பில்லை. ஆனா கீரையில இருக்கிற இரும்பு உடம்புல குறைவாத்தான் சேரும். தேறி வர்ற நாய்க்கு வேக வச்ச ஆட்டு ஈரல் கொஞ்சமும், முட்டையும், கோழிக்கறியும் அதைவிட நல்லா உதவும்.

பப்பாளி இலை: இதைப் பிளேட்லெட்டுக்காகத்தான் சொல்றாங்க. டெங்கு வந்தவங்ககிட்டயும் நாய்ங்ககிட்டயும் சின்ன அளவுல சில ஆய்வுகள் நடந்திருக்கு. பிளேட்லெட் வேற, சிவப்பணு வேற. ரத்தசோகைக்கு அது மருந்து இல்லை. மருந்தோட துணைக்கு டாக்டர் எழுதிக் கொடுத்தா கொடுங்க. பச்சை இலையை அரைச்சு வாயில ஊத்தினா, ஏற்கெனவே சாப்பிடாத நாய் வாந்திதான் எடுக்கும்.

கீழாநெல்லி: பேபிசியா வந்த நாய்க்கு கண்ணு மஞ்சளாகும், சிறுநீர் டிகாஷன் நிறத்துல போகும். பார்த்ததும் "காமாலை"ன்னு கீழாநெல்லி தேடுவோம். இங்கே மஞ்சள் வர்றது பெரும்பாலும் உடைஞ்ச சிவப்பணுவில இருந்து. கல்லீரலுக்கு வைத்தியம் பார்த்துக்கிட்டு இருந்தா அந்த நேரத்துல ரத்தம் கரைஞ்சுடும்.

கரிசலாங்கண்ணி: சித்த மருத்துவத்துல பாண்டு, அதாவது ரத்தசோகைக்கு மனுஷங்களுக்குக் கொடுக்கிற மூலிகை. நாய்க்கு இவ்வளவுன்னு உறுதியான அளவு கிடையாது.

மாத்திரையும் நேரமும்

எர்லிக்கியாவுக்கு டாக்சிசைக்ளின் கொடுப்பாங்க, வழக்கமா 28 நாள். மூணு, நாலு நாள்லயே நாய் துள்ளிக் குதிக்கும். அங்கேதான் நிறைய பேர் நிறுத்திடுறாங்க. கிருமி சாகலை, பதுங்கியிருக்கு. 28 நாளும் முடிங்க.

இரும்பு டானிக்கை இந்த மாத்திரையோட சேர்த்துக் கொடுத்தா இரும்பு மருந்தைப் பிடிச்சுக்கிட்டு உடம்புல சேரவிடாது. பால், தயிரும் அந்த நேரத்துல வேண்டாம். டாக்டர் ரெண்டையும் எழுதியிருந்தா எத்தனை மணி நேரம் இடைவெளி விடணும்னு கேட்டுக்கோங்க. மாத்திரையை வெறும் தொண்டையில போடாம சாப்பாட்டோட கொடுத்து, பின்னாடியே தண்ணி கொடுங்க. இல்லேன்னா உணவுக்குழாய் புண்ணாகும்.

டாக்சிசைக்ளினால பேபிசியா குணமாகாது, அதுக்கு மருந்து வேற. சில உடனடிப் பரிசோதனை கிட்டுகள் எர்லிக்கியாவைக் காட்டும், பேபிசியாவைக் காட்டாது. மருந்து கொடுத்தும் நாய் தேறலைன்னா, "பேபிசியாவுக்குப் பார்த்தாச்சா?"ன்னு கேளுங்க. காய்ச்சல்னு நம்ம வீட்டு வலி மாத்திரையைக் கொடுக்கவே கூடாது. பிளேட்லெட் குறைஞ்ச நேரத்துல ரத்தக்கசிவு கூடிடும்.

ரத்தம் ரொம்ப இறங்கினா, இன்னொரு நாயோட ரத்தம் ஏத்துறதுதான் வழி. சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில விலங்குகளுக்கான ரத்த வங்கியே இருக்கு. மற்ற ஊர்கள்ல பெரும்பாலும் நாமதான் தானம் கொடுக்கிற நாயைத் தேடணும். 25 கிலோவுக்கு மேல, ஆரோக்கியமா, தடுப்பூசி போட்டு, உண்ணி நோய் இல்லைன்னு பரிசோதிச்ச நாயா இருக்கணும். முத்துவுக்குக் கொடுத்தது ரெண்டு தெரு தள்ளி இருக்கிற ஒரு லேப்ரடார். அந்த வீட்டு அக்காவை அதுக்கு முன்னாடி எனக்குத் தெரியவே தெரியாது.

கடைசியா

வாரம் ஒரு தடவை நாயோட ஈறைப் பாருங்க. விரலால அழுத்தி விட்டா ரெண்டு நொடிக்குள்ள இளஞ்சிவப்பு திரும்பணும். ஈறு கறுப்பா இருக்கிற நாய்னா கீழ் இமையோட உள்பக்கம் பாருங்க. வெளுத்திருந்தா அன்னைக்கே டாக்டர்கிட்ட போங்க. உண்ணித் தடுப்பு மாத்திரையோ சொட்டு மருந்தோ வருஷம் முழுக்க வேணும். வலிப்பு வந்த நாய்னா முதல்லயே சொல்லிடுங்க. இந்த உண்ணி நாயை விட்டு இறங்கி, சுவர் இடுக்குலதான் ஆயிரக்கணக்குல முட்டை போடும். அதனால வீட்டு விரிசலையும் சுத்தம் பண்ணாம முடியாது.

முத்து இப்போ நல்லா இருக்கான், பிசிவி 41. அப்பத்தா இன்னமும் சூப் வைக்கிறாங்க. முதல்ல வெறும் கீரைத் தண்ணியை அவன் தட்டுல ஊத்திட்டு, அப்புறம்தான் எங்களுக்கு வெங்காயம் வதக்குறாங்க.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.